அவுரி விதை முளைக்கவில்லையா? மருந்து வாங்காதீர்கள்

கேள்வி: முற்றத்தில் அவுரி வளர்த்து, அந்த நீலத்தில் கைத்தறிச் சேலைக்குச் சாயம் போட ஆசைப்படுகிறேன். ஒரு பைக்கற் விதை வாங்கி, ஐப்பசி முதல் மழையோடு பாத்தியில் தூவினேன். மூன்று கிழமை ஆகிவிட்டது, நாலு முளைதான் தெரிகிறது. விதை தந்தவரிடம் கேட்டால், தன்னிடம் முளைப்பு மருந்து இருக்கிறதாம், அதில் ஊறவைத்தால் எல்லாம் முளைக்குமாம். வளர்ந்த இலையைத் தானே திருப்பி வாங்கிக்கொள்வேன் என்றும் சொல்கிறார். நம்பலாமா? (வாசகி, நிலாவெளி, திருகோணமலை)

பதில்: மருந்துக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், சகோதரி. உங்கள் விதை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. அதன் தோல் இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவுரி அவரைக் குடும்பத்துச் செடி. முற்றிக் காய்ந்த அவுரி விதையின் தோலுக்குள் தண்ணீர் புகாது. மழையில் கிடந்தாலும் உள்ளே காய்ந்தே இருக்கும். வெயிலும் மண்ணும் உரசி உரசித் தோல் தேயத் தேய, இன்று நாலு, அடுத்த மாதம் பத்து, மிச்சம் அடுத்த வருடம் என்று முளைக்கும். காட்டில் அதற்கு அது நல்லது. பாத்தியில் நமக்குப் பொறுமை போதாது.

ஆகவே தோலை நாமே தேய்க்க வேண்டும். மிச்ச விதையை ஒரு கைப்பிடி பருமணலோடு உரலில் போட்டு, உலக்கையால் மெல்லத் தேயுங்கள். இடிக்க வேண்டாம். விதையின் மினுக்கம் போய் மங்கலானால் போதும். பிறகு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவை தயார். உப்பாதவற்றை எடுத்து மறுபடி தேயுங்கள். வெந்நீர் ஊற்றும் முறையும் உண்டு, ஆனால் வீட்டில் சூடு தவறி விதை வெந்துபோவதைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். மணலே போதும். அந்த 'மருந்து' செய்ய வேண்டிய வேலை இதுதான். உங்கள் வீட்டு உரலில் இலவசமாகவே நடக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த வருடம் உங்களுக்கே அது வரும். சொந்தச் செடியிலிருந்து, காய் பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கும்போதே பறித்த விதைக்கு இந்தத் தேய்ப்பு வேண்டாம். அந்த நேரத்தில் தோல் இன்னும் இறுகியிருக்காது. உள்ளே ஈரம் இருக்கும்போதே மண்ணில் போட்டால் தானாக முளைக்கும், உரலில் போட்டால் நசுங்கிவிடும். ஆனால் அதே விதையைக் காயவைத்துப் போத்தலில் போட்டு வைத்தால் தோல் இறுகிவிடும், திரும்பவும் மணல்தான். ஒரே செடியின் விதை, ஒரே கையால் பறித்தது, பறித்த நேரத்தையும் காய்ந்த அளவையும் பொறுத்து இரண்டு விதமாக நடக்கும். இதை யாரும் சொல்லித் தராததால்தான் 'போன முறை முளைத்தது, இந்த முறை முளைக்கவில்லை' என்று ஆட்கள் விதைமீது பழி போடுகிறார்கள்.

அடுத்தது காலம். ஐப்பசியில் தூவியது பிழை. நம் மாவட்டத்தில் கார்த்திகையும் மார்கழியும் கொட்டித் தீர்க்கும். அவுரி நாற்று வெயிலைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. தை கடைசியில், மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும்போது விதையுங்கள். அரை அங்குல ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள். முதல் மாதம் தண்ணீர் தவறக்கூடாது. கடலோரக் கிணறு உவர்த்தால் நாற்றுக்கு அதை ஊற்ற வேண்டாம். சித்திரை, வைகாசியில் கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கத் தொடங்குமுன் செடி வேர்பிடித்து நிற்கும். யூரியா போட வேண்டாம், இந்தச் செடி வேர் முடிச்சில் தனக்கான தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

சரி, பைக்கற்றில் இருப்பது அவுரிதானா? இதை இன்றைக்கே பாருங்கள். தமிழ்நாட்டு விதைக்கடைகளில் பேதி மருந்துக்குப் பயிராகும் நிலாவாரையையும் அவுரி என்றே விற்கிறார்கள். அதன் விதை பெரியது, தட்டையானது. அதில் நீலம் துளிகூட இல்லை. சாய அவுரியின் விதை இரண்டு மில்லிமீற்றர் அளவில், முனை மட்டமாகச் சிறு கட்டைபோல் இருக்கும். முளைத்த நாலும் வளர்ந்தபின் இலையைப் பாருங்கள். இணை இணையாகப் போய் நுனியில் ஒற்றை இலை முடிந்தால் அவுரியாக இருக்கலாம், நுனி ஒற்றை இலை இல்லையென்றால் நிலாவாரை. காவிளாய் என்ற காட்டுச்செடியும் அவுரிபோலவே ஏமாற்றும். அதன் சிற்றிலையை நுனி பிடித்து இழுத்தால் அம்புமுனைபோல் கிழியும். சந்தேகமிருந்தால் சில இலைகளைக் கசக்கிக் காயவிடுங்கள். அவுரி நீலம் கலந்து கறுக்கும்.

இனி அந்தத் திருப்பி வாங்கும் கதை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கற்றாழை என்றார்கள், வேறு மூலிகைகள் என்றார்கள், இப்போது அவுரி. விதையை நாலு மடங்கு விலைக்கு விற்பது, இலையை வாங்குவேன் என்று வாயால் சொல்வது, அறுவடை நேரத்தில் கைத்தொலைபேசியை நிறுத்தி வைப்பது. லாபம் முழுக்க விதையில்தான். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'உங்கள் ஊறல் தொட்டி எங்கே, வந்து பார்க்கலாமா?' வெட்டிய பச்சை இலையைக் குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும், அன்றைக்கே தண்ணீரில் ஊற வேண்டும். தொட்டி இல்லாதவர் இலை வாங்குபவர் அல்ல. நூறு கிலோ இலையில் அரைக் கிலோ நீலம் கிடைத்தாலே பெரிது. முற்றத்துப் பாத்தி வருமானத்துக்குப் போதாது, உங்கள் சேலைக்குப் போதும். 1897 இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் இந்தப் பயிரின் வியாபாரமே விழுந்தது. இயற்கை நீலக்கட்டி என்று அவர் கொண்டுவந்து காட்டினாலும் மயங்காதீர்கள். இரண்டிலும் சாயப்பொருள் ஒன்றுதான், நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது.

இப்படிப்பட்டவர்கள் பிழைப்பதற்கு அலுவலகங்களும் காரணம். நெல்லுக்கும் சோளத்துக்கும் கேட்டால் பதில் கிடைக்கிறது. சாயச்செடி என்று நான் ஒரு காரியாலயத்தில் கேட்டபோது, 'அது எங்கள் பிரிவில்லை' என்று மூன்று மேசை மாற்றினார்கள். வெளிநாட்டு விதை கொண்டுவர 1999 இன் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். சட்டம் சரியானது, நோயும் களையும் விதையோடுதான் வரும். ஆனால் ஒரு தேக்கரண்டி விதைக்கு அந்த அலுவலகப் படியெல்லாம் ஏற ஒரு வீட்டுப் பெண்ணால் எப்படி முடியும்? முடியாததால்தான் பயணப்பையில் வந்த விதையை இவர்களிடம் வாங்குகிறோம். அவுரி நம் வறண்ட வலயத்துக்குப் புதிய செடியே அல்ல. பழைய வைத்தியர்கள் வீட்டு வேலியோரம் கேட்டுப் பாருங்கள், ஒரு பிடி காய் கிடைக்கலாம்.

செடி மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கும். இளஞ்சிவப்புச் சிறு பூ தெரிந்ததும், தரையிலிருந்து ஓரடி விட்டு, காலையில் வெட்டுங்கள். திரும்பத் துளிர்க்கும். விதைக்கு இரண்டு செடியை வெட்டாமல் விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடமும் அவரிடமே போக வேண்டும்.

சேலை பருத்தியா பட்டா என்று நீங்கள் எழுதவில்லை. பருத்தி என்றால் சுண்ணாம்பும் பனங்கட்டியும் சேர்த்த தொட்டியில் தோய்க்கலாம். பட்டு என்றால் அந்தக் காரம் நூலைக் கெடுக்கும். சேலையைத் தொடுமுன் அதே நூலில் ஒரு துண்டைத் தோய்த்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.