கம்பு வேரில் ஒட்டிய மண்

கேள்வி: செம்மணல் நிலத்தில் மானாவாரியாகக் கம்பு விதைத்திருக்கிறோம். களையெடுக்கும்போது கையோடு வந்த பயிரை உதறினேன். வேரைச் சுற்றி மணல் உறைபோல ஒட்டிக்கொண்டு உதிரவே இல்லை. பாக்டீரியா சுரக்கும் பசைதான் காரணம் என்கிறான் என் மகன். அது வறட்சியைத் தாங்க உதவுமா? கடையில் வாங்கி இடலாமா?
– வாசகி, சாத்தான்குளம்

பதில்: நல்ல கண் உங்களுக்கு. வேரைக் கழுவாமல் பாருங்கள் என்று போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகன் சொன்னது சரி. வேருக்கும் அதில் பங்கு உண்டு. வேர்த்தூவிகள் மணலைப் பின்னிப் பிடிக்கின்றன. வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் வளர்கின்றன. அவை சர்க்கரை மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்து, தம்மைச் சுற்றிப் பசையாகப் பூசிக்கொள்கின்றன. ஊறிய சப்ஜா விதையின் வழுவழுப்பும் இதே இனப் பொருள்தான். மண் காயக் காயச் சில வகைகள் இன்னும் கூடுதலாகச் சுரக்கும். தம் உயிர் காக்கத்தான் சுரக்கின்றன, பயிரும் பிழைத்துக்கொள்கிறது.

எப்படி என்றால், காயும் மண்ணுக்கும் சுருங்கும் வேருக்கும் நடுவே இடைவெளி விழும். அதைத் தாண்டி நீர் வேருக்கு எளிதில் போகாது. இந்த உறை அந்தத் தொடர்பை அறுபடாமல் காக்கிறது. பசையும் மெதுவாகவே காய்கிறது. உவர் நிலத்தில் சோடியத்தைப் பிடித்துவைக்கவும் செய்யும். ஐதராபாத் மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பசை சுரக்கும் சூடோமோனாஸ் புடிடா இட்ட சூரியகாந்தி நாற்றுகள் வறட்சியில் கூடுதலாகப் பிழைத்தன. வேரில் ஒட்டிய மண்ணும் கூடியது.

ஆனால் நாற்றுச் சோதனை வேறு, உங்கள் காடு வேறு. புதிதாக இடும் பாக்டீரியா, மண்ணில் ஏற்கெனவே குடியிருப்பவற்றோடு போட்டியிட வேண்டும். மழையே இல்லாவிட்டால் எந்தப் பசையும் பயிரைக் காக்காது. அடுத்த மழைவரை சில நாள் தவணை வாங்கித் தரும், அவ்வளவுதான். மானாவாரியில் அந்தச் சில நாள் பெரிது என்பது உங்களுக்கே தெரியும்.

வாங்குவதானால் அடுத்த பருவத்துக்கு வாங்குங்கள். காலாவதித் தேதி பாருங்கள். கடை வாசலில் வெயிலில் கிடந்த பொட்டலம் வேண்டாம். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதையுங்கள். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையானால் ஒரு நாள் கழித்துப் பூசுங்கள்.

அதற்கு முன், மக்கிய தொழுவுரத்துக்கு வழி செய்யுங்கள். அறுவடை முடிந்ததும் கம்பங்கட்டையை எரிக்காமல் உழுதுவிடுங்கள். பொட்டலத்துக்குச் செலவழிப்பதைவிட இதைத்தான் நான் முதலில் செய்வேன். உங்கள் மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கே தீனி போதவில்லை.