டெஸ்க்டாப் சப்போர்ட்டிலிருந்து லினக்ஸ் அட்மின் வேலைக்கு மாற எந்தச் சான்றிதழ் எடுக்கலாம்?

மூன்று வருட சப்போர்ட் அனுபவம் இருக்கிறது என்கிறீர்கள். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ (RHCSA) தேர்வை எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதில் நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிக்கும் வேலையே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கணினியைக் கையில் கொடுத்து, 3 மணி நேரத்தில் யூசர், டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் அமைக்கச் சொல்வார்கள். 300க்கு 210 எடுத்தால் பாஸ்.

செய்த மாற்றம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். டிஸ்க்கை இணைக்கும் மவுண்ட் கட்டளை கொடுத்ததும் அது தெரியும்; நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். கணினி தொடங்கும்போது எந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அதை எழுத மறந்திருப்பார்கள். எழுதியிருந்தாலும் டிஸ்க்கின் அடையாளக் குறியீடான யூயூஐடியில் (UUID) ஓர் எழுத்து பிசகினால் போதும், கணினி வழக்கம்போல் தொடங்காமல் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். கோப்பில் எழுதியதுமே டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, அந்தக் கோப்பில் உள்ளதையெல்லாம் இணைக்கும் ‘மவுண்ட் -ஏ’ (mount -a) கொடுத்துப் பாருங்கள். தப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் வீட்டு லேப்டாப்பில் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, ரெட் ஹேட் லினக்ஸை ஒத்த ஆல்மாலினக்ஸ் நிறுவுங்கள். இரண்டும் இலவசம். வேண்டுமென்றே கெடுத்து, நீங்களே சரிசெய்யுங்கள். ‘டம்ப்’ (கசிந்த தேர்வுக் கேள்விகள்) விற்பவர்கள் பக்கமே போகாதீர்கள், தயவுசெய்து. இன்டர்வியூவில் டெர்மினலைத் திறக்கச் சொன்னால் கை ஓடாது.

சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான் செல்லும். வேலை மாறத் தயாரான பிறகு எழுதுங்கள்.