இணையத் திருட்டும் குறுவையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பங்குதாரராக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து, குறுவை விதைநெல்லுக்கு வைத்திருந்த பணம் மே மாதக் கடைசியில் திருடு போனது. கணினி பார்க்கும் இளைஞர், மானியப் பட்டியல் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை, அதாவது ஒரு செயலியை, தன் கைபேசியில் நிறுவிவிட்டார். கணக்கின் ஓடிபி அவருடைய எண்ணுக்குத்தான் வரும். தலைவரின் கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. அன்று மாலையே அவர் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்’ என்று சுவரில் ஓர் அறிவிப்பும் ஒட்டியாயிற்று. இணையப் பாதுகாப்பைச் சமூகப் பிரச்சினை என்று எழுதுகிறீர்கள். ஒரு பையனின் கவனக்குறைவில் சமூகம் எங்கே வருகிறது?

ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

விதை வரப் பத்து நாள் தாமதமானால் நாற்றங்கால் தள்ளிப்போகும், நடவு தள்ளிப்போகும், அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால், ஒன்றிய அரசு தளர்வு தரும்வரை மூட்டைகள் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். சொந்த நிலம் உள்ளவர் நகையை வைத்தாவது விதை வாங்கிவிடுவார். தன் பெயரில் பட்டா இல்லாத குத்தகைதாரர் கந்துவட்டிக்குத்தான் போவார். நீங்கள் கேட்ட சமூகம் அங்கேதான் வருகிறது.

அடுத்து அந்த அறிவிப்பு. அந்த இளைஞர் ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லையே! குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்ட செயலி தானாகவே அவற்றைத் திருடர்களுக்கு அனுப்பிவிடும். ஆகவே நடக்காத ஒன்றைத் தடுக்கத்தான் சுவரில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டிய இடத்தில், இரண்டு சாவியையும் ஒரே ஊழியரின் சொந்தக் கைபேசியில் வைத்தது நிர்வாகம். தலைவருக்கு அது வசதியாக இருந்திருக்கும். நிறுவனங்கள் கற்கும் விதத்தை ஆராய்ந்த கிறிஸ் ஆர்ஜிரிஸும் டொனால்ட் ஷானும் 1978-இல், பிழையைத் திருத்துவதையும் பிழைக்கு இடம் தந்த விதியையே கேள்வி கேட்பதையும் பிரித்துக் காட்டினார்கள். உங்கள் நிறுவனம் முதலாவதைக்கூடச் செய்ததாகத் தெரியவில்லை.

நம் டெல்டாவிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரி 6 அன்று, பன்னாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த அச்சுப்பொறி நின்றுபோனது. வலையமைப்புக் கோளாறு என்று எண்ணினார்கள். மறுநாள் கணக்குகளை ஒப்பிட்டபோது, வங்கி அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள், ஏறக்குறைய 20 லட்சம் டாலருக்கு, துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்குப் புறப்பட்டிருந்தன. துபாய்க்கானது மட்டும் வழியிலேயே நிறுத்தப்பட்டது. அனுப்பியதற்கான சான்று காகிதத்தில் வந்து விழாதபடி திருடர்கள்தான் அச்சுப்பொறியை முடக்கியிருந்தார்கள். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் போனபோதும் அச்சுப்பொறி இப்படித்தான் நின்றிருந்தது. டாக்காவிலும் அதை வழக்கமான பழுது என்றே நினைத்தார்கள். உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் வந்த துப்பு, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இயந்திரத்தின் அருகே நிற்கும் ஊழியருக்கு எச்சரிக்கையாகப் போய்ச் சேரவில்லை. கும்பகோணத்தை மட்டம்தட்ட இதைச் சொல்லவில்லை. அந்த வங்கி நடந்ததை வெளியே சொன்னது; அதனால்தான் மற்ற வங்கிகளும் அறிந்தன, நானும் எழுதுகிறேன்.

உங்கள் இளைஞரும் அதையேதான் செய்தார். பணம் இடைக்கணக்குகளில் நிற்கும் சில மணி நேரத்துக்குள் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் செய்தால் அதை முடக்க வாய்ப்புண்டு. அந்த நேரத்தை அவர் நிர்வாகத்தின் கையில் கொடுத்தார். அன்று மாலை யாராவது 1930-ஐ அழைத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு கம்பெனிகளுக்கும் பொருந்தும். உங்கள் நிறுவனமும் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானதுதான் என்று நினைக்கிறேன். சொன்னவருக்கு வேலை போனதைப் பார்த்த அடுத்த ஊழியர், இப்படி ஒன்று நேர்ந்தால் மாலையிலேயே வந்து சொல்லுவாரா?

பங்குதாரர் என்ற முறையில் அடுத்த பொதுக்குழுவில் நீங்கள் கேட்கலாம்: ஓடிபி இப்போது யாருடைய எண்ணுக்கு வருகிறது? ஒப்புதல் தருபவர் யார்? புகார் எத்தனை மணிக்குச் சென்றது? அந்த இளைஞரையும் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். திருட்டு நடந்த விதம் முழுவதும் தெரிந்தவர் உங்கள் நிறுவனத்தில் அவர் ஒருவர்தான்.

அன்புடன்