பழைய லென்ஸ், புது மிரர்லெஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பாலக்கோட்டில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம் என்று வேலை ஓடுகிறது. கையில் கேனான் டிஎஸ்எல்ஆர் ஒன்று, 50 எம்எம், 55-250 என இரண்டு லென்ஸ். தெரிந்தவர் ஒருவர் தன் கேனான் எம்50 மிரர்லெஸ்ஸை (டிஎஸ்எல்ஆர் போல உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத வகை) அதற்குரிய இரண்டு லென்ஸோடு குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தொழிலுக்கு என்றால் வேண்டாம். கேமரா மோசம் என்று சொல்லவில்லை. எம்50 2018-இல் வந்தது, 24 மெகாபிக்சல். நல்ல வெளிச்சத்தில் அதில் எடுத்ததை ஆல்பத்தில் போட்டுக் கொடுத்தால், எந்தக் கேமரா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கப் போவதில்லை. சிக்கல் மவுண்டில், அதாவது லென்ஸ் கேமராவில் பூட்டும் வளையத்தில் இருக்கிறது. 2012-இல் எம் வரிசையைத் தொடங்கிய கேனான், 2018-இல் ஆர்எஃப் என்ற வேறு மவுண்டுக்குத் தாவியது. 2023-இல் எம் வரிசைக்கு மூடுவிழா நடந்துவிட்டது. நாளைக்கு நீங்கள் ஒரு ஆர்எஃப் கேமரா வாங்கினால் நண்பர் தரும் இரண்டு லென்ஸும் அதில் ஏறாது. நடுவில் வெறும் அடாப்டர் வளையம் போட்டும் பலனில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து, படம் பதியும் சென்சார் வரையுள்ள தூரம் எம் கேமராவில் 18 மிமீ, ஆர்எஃப்பில் 20, உங்கள் டிஎஸ்எல்ஆரில் 44. நாற்பத்து நாலுக்குச் செய்த லென்ஸை இருபதில் மாட்ட 24 மிமீ வளையம் ஒன்று போதும். பதினெட்டுக்குச் செய்ததோ, மாட்டுவதற்கு முன்பே 2 மிமீ தள்ளி நிற்கிறது. வளையத்துக்கு இடம் ஏது?

ஆக, உங்கள் சொத்து பெட்டியில் கிடக்கும் அந்தப் பழைய இரண்டு லென்ஸ்தான். கேனானின் இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் வாங்கினால் ஆர்எஃப் கேமராக்களான ஆர்10, ஆர்7 இரண்டிலும் அவை ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை என்பதால் படத்தின் தரமும் குறையாது. பணம் இடம் கொடுத்தால் ஆர்7 பக்கம் போங்கள். இரண்டு கார்டு போடும் வசதி அதில் உண்டு. ஒரு கார்டு மக்கர் செய்தாலும் விசேஷம் இன்னொன்றில் பத்திரமாக இருக்கும். ஆர்10-இல் ஒரே கார்டுதான், தாலி கட்டும் முன் கார்டை மாற்றிக்கொள்ளும் பழக்கம் வேண்டும். கூடுதல் பேட்டரிக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். மிரர்லெஸ்ஸில் சென்சாரும் திரையும் விழித்தே இருப்பதால் டிஎஸ்எல்ஆர் அளவுக்கு சார்ஜ் நிற்காது. கடைக்குப் போகும்போது உங்கள் ஃபிளாஷையும் அதை இயக்கும் டிரிக்கரையும் எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள்.

வீட்டுக் குழந்தைகளை எடுக்க, ஒகேனக்கல் போகும்போது தோளில் மாட்டிக்கொள்ள என்றால் எம்50 தாராளமாகப் போதும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

கேள்வி: புதுக் கேமராவின் ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) படம் திருத்தும் என்னுடைய லைட்ரூம் 6 மென்பொருள் திறக்க மாட்டேன் என்கிறது. மாதச் சந்தா கட்டியே ஆக வேண்டுமா? (அரூர் வாசகர்)

பதில்: வேண்டாம். லைட்ரூம் 6-க்கு 2017-ஓடு அப்டேட் நின்றுவிட்டதால் அதற்குப் பின் வந்த கேமராக்களை அதற்குத் தெரியாது. ராவை டிஎன்ஜி என்ற பொதுவான வடிவத்துக்கு மாற்றும் அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம். செட்டிங்கில் பழைய பதிப்புக்கு ஏற்றபடி மாற்றச் சொல்லி, அதன் வழியாக ஃபைல்களை மாற்றித் திறங்கள். அசல் ராவை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் குறுக்கே கருப்புப் பட்டைகள். கேமரா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சத்தமில்லாத ஷட்டரைப் போட்டு எடுத்தீர்களா? அந்த முறையில் சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். விளக்கு மங்கும் கணத்தில் படிக்கப்பட்ட வரிகள் கருப்பாக விழுகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடி வைத்துப் பாருங்கள். மேடை அலங்கார சீரியல் விளக்குகளின் கணக்கே தனி, அங்கே ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித்தான் பிடிக்க வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டரோடு வெயிலில் எடுத்தும் பட்டை விழுந்தால் கேமராவில்தான் கோளாறு. அந்தப் படத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: பெங்களூரில் ஒரு கடையில் 'கடை வாரன்டி' என்று விலை குறைத்துக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருண்டுவிட்டது. இது இந்தியாவுக்கு முறையாக வந்த சரக்கு இல்லை என்கிறது சர்வீஸ் சென்டர். கடைக்காரர் பணம் கேட்கிறார். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு என்ன செய்வது?

பதில்: முதலில் பெட்டியைத் தேடி எடுங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் அதில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒட்டியிருக்கவில்லை என்றால் அதுவே உங்களுக்கு ஒரு சான்று, ஃபோட்டோ எடுத்து வையுங்கள். பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் வழக்கு நொண்டும், அதை ஒளித்துப் பேசிப் பயனில்லை. பில் இருந்தால் கடைக்குப் பதிவுத் தபால் ஒன்று அனுப்பிவிட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.

அதிலும் வழி பிறக்கவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. 'இவர் வியாபாரத்துக்கு வாங்கினார், நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கிய பொருள் அந்த விலக்கில் வராது என்று அதே சட்டம் சொல்கிறது. நீங்களே படம் எடுத்துப் பிழைப்பவர் என்றால் புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள். வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு.