பெஞ்சுக்கு அடியில் அவன் எப்போது போகிறான்?

வணக்கம் மேடம். என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. பள்ளி டைரியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான், பக்கத்துப் பையனின் பென்சிலை உடைத்தான், வெளியே நிறுத்தினோம் என்று தினமும் ஏதாவது எழுதி வருகிறது. கண்டிப்பு போதவில்லை என்கிறார் அவன் அப்பா. ஆனால் இதே பிள்ளை ராத்திரி நான் சொன்ன கதையை ஒரு பெயர் விடாமல் திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தை எடுத்தால்தான் தாகம், வயிற்றுவலி எல்லாம் வருகிறது. நேற்று 'கடல்' என்பதை 'கதவு' என்று வாசித்தான். எழுத்தைப் பார்த்துப் படிடா என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அவன் அழவில்லை. "எனக்கு மூளை இல்லையாம்மா?" என்று கேட்டான். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

அவன் கேட்டதற்கு இன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள். உன் மூளை நன்றாகத்தான் இருக்கிறது, வாசிப்பதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதை வேறு மாதிரி சொல்லித் தருவோம், அடித்தது அம்மாவின் தப்பு என்று.

டைரியில் வந்ததையெல்லாம்விட அந்தக் 'கதவு'தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகிக்கிறான். எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில் சிரமப்படும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் சமாளிப்பார்கள். டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம், கடிதத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். இருந்தாலும் அது அறிவுக் குறைவோ சோம்பலோ இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, அப்புறம் கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் உளவியலாளரிடம் அழைத்துப் போங்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

அவன் பெஞ்சுக்கு அடியில் போவது எந்த நேரத்தில்? இரண்டு வாரம் குறித்துத் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்: அதற்கு முந்தின நிமிடம் வகுப்பில் என்ன நடந்தது, பிறகு என்ன ஆனது என்று. சத்தமாக வாசிக்கும் முறை தன்னிடம் வர வரத்தான் அவனுக்கு இதெல்லாம் வருகிறது என்பது என் ஊகம். அது சரியென்றால், வெளியே நிறுத்துவது அவனுக்குத் தண்டனையே இல்லை, தப்பிக்க வழி, நாளைக்கும் அதையேதான் செய்வான். ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவோ அளவுக்கு மீறிய துறுதுறுப்போ இருக்கும் நிலை என்று யாராவது சொன்னால், அதன் அறிகுறிகள் வகுப்பில் மட்டும் தெரிந்தால் போதாது, வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது 6 மாதத்துக்கு மேல் தெரிய வேண்டும். டிஸ்லெக்ஸியாவும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு என்பதால் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசிரியரிடம் சண்டைக்காரியாகப் போகாதீர்கள். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம், வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே கொடுத்தால் வீட்டில் பழக்கி அனுப்புகிறேன், தெரிந்ததை வாயால் சொல்லவும் விடுங்கள் என்று கேளுங்கள். உடைத்த பென்சிலுக்குப் பதில் புதிதாக ஒன்றை அவனே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வீட்டில் 15 நிமிடம் போதும். 'க', 'ட', 'ல்' என்று தனித்தனியாகச் சொல்லிச் சேர்க்கட்டும், அவன் சோர்ந்துபோகும் முன்பே நிறுத்திவிடுங்கள். ராத்திரிக் கதையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

உங்கள் கணவரிடம் அவருடைய பள்ளி நாட்களைப் பற்றி ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு. கண்டிப்பு வேண்டும் என்கிற அப்பாக்களில் சிலர், இதே காரணத்துக்காக அந்த வயதில் அடி வாங்கியவர்கள்.