பாவனையாளர் கேள்வி-பதில்: கியூ.எல்.ஈ.டி. திரையும் ‘50 வோட்’ விளக்கும்

கேள்வி: ‘கியூ.எல்.ஈ.டி.’ என்ற பெயரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினேன். ஓ.எல்.ஈ.டி.யும் இதுவும் ஒன்றுதான், ஒவ்வொரு புள்ளியும் தானாகவே ஒளிரும் என்று விற்பனையாளர் சொன்னார். இரவில் பார்த்தால் கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரிகிறது. - வாசகி, நல்லூர்

பதில்: உங்களிடம் பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள், அம்மா, பிழை உங்களுடையதன்று. கடைகளில் இப்பெயரோடு கிடைப்பவை பெரும்பாலும் எல்.சீ.டி. திரைகளே. பின்னாலுள்ள நீல எல்.ஈ.டி. விளக்குகளின் ஒளியில் ஒரு பகுதியைக் குவாண்டம் புள்ளிகள் கலந்த மெல்லிய படலமொன்று சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றிக் கொடுக்கிறது. பின்விளக்கு எரியும்வரை கறுப்பு முழுக் கறுப்பாகாது.

குவாண்டம் புள்ளி என்பது சில நனோமீற்றர் அளவேயுள்ள குறைகடத்திப் பளிங்கு. நீல ஒளி பட்டதும் அதனுள் ஓர் இலத்திரனும் அது விட்டுச்சென்ற துளையும் ஒன்றையொன்று ஈர்த்து எக்சைட்டன் எனப்படும் சோடியாகின்றன. அவை மீண்டும் இணையும்போது ஒளி வெளிவருகிறது. இப்புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியமைக்காகவே 2023 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. அவற்றுக்கு நேரே மின்னோட்டம் கொடுத்தால் விற்பனையாளர் சொன்னது உண்மையாகிவிடும். ஆனால் இலத்திரன்களும் துளைகளும் சமமாக வந்து சேர்வதில்லை. ஓர் இலத்திரன் மிகையாகத் தங்கிவிட்டால், அடுத்து உண்டாகும் எக்சைட்டன் தன் சக்தியை ஒளியாக வெளிவிடாமல் அந்த இலத்திரனிடமே கொடுத்துவிட்டு மறைகிறது. கட்மியம் செலனைடுப் புள்ளி ஒளி உமிழ ஏறத்தாழ 20 நனோசெக்கன் எடுக்கும். இந்தப் பறிப்போ பெரும்பாலும் ஒரு நனோசெக்கனுக்குள் முடிந்துவிடுகிறது.

விற்பனையாளர் சொன்னதை எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்து, வாங்கிய 3 மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிடுங்கள். தொலைபேசியில் விசாரிப்பதானால் 1977.

கேள்வி: குவாண்டம் புள்ளித் திரையில் கட்மியம் இருக்குமாமே. கைக்குழந்தை உள்ள வீட்டில் வைக்கலாமா? - கரவெட்டி

பதில்: வைக்கலாம். புள்ளிகள் படலத்துக்குள் அடைபட்டே இருக்கின்றன. இப்போது பல திரைகளில் கட்மியத்துக்குப் பதிலாக இன்டியம் பொஸ்பைடு இருக்கிறது.

கேள்வி: என் ஓ.எல்.ஈ.டி. திரையில் காலை முதல் இரவு வரை ஒரே செய்தி அலைவரிசைதான் ஓடும். அதன் சின்னம் மூலையில் பதிந்துவிட்டது. பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டேன். புதிது கேட்கலாமா? - மானிப்பாய்

பதில்: கேட்கலாம், தரமாட்டார்கள். ஓ.எல்.ஈ.டி.யின் சேதனப் படலத்தில் எக்சைட்டன்கள் அருகிலுள்ள ஏற்றக்காவிகளோடு (மின்னேற்றத்தைச் சுமந்து செல்லும் இலத்திரன், துளை ஆகியவற்றோடு) மோதும்போது, இரண்டின் சக்தியும் ஓரிடத்தில் சேர்ந்து மூலக்கூற்றின் பிணைப்பையே முறித்துவிடக்கூடும். நீலத்தில் எக்சைட்டனின் சக்தி அதிகம் என்பதால் நீலமே முதலில் தேயும். அசையாத படத்தை நெடுநேரம் விடவேண்டாம் என்று கையேட்டில் எழுதியிருக்கும். கையேட்டையும் தொலைத்துவிட்டீர்களா?

கேள்வி: ‘50 வோட்’ என்று எழுதிய மலிவான எல்.ஈ.டி. விளக்கு சில மாதங்களில் மங்கிவிட்டது. நல்ல வோட் பார்த்துத்தானே வாங்கினேன்? - சாவகச்சேரி

பதில்: வோட் என்பது விளக்கு குடிக்கும் மின்சாரத்தின் கணக்கே தவிர, அது தரும் ஒளியின் கணக்கன்று, ஒளிக்கு லூமன் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை எழுதினாலும் எங்கள் ஆட்கள் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணைத்தான் பார்க்கிறார்கள். என் முற்றத்துக்கு வாங்கிய விளக்கும் இதே சாதிதான். அணைந்த பிறகு மூடியைக் கழற்றினேன். கடதாசித் தடிப்பில் ஓர் அலுமினியத் தகடு, அதன்மேல் சில மஞ்சள் சதுரங்கள், அவற்றில் ஒன்றின் நடுவே கரிப்பொட்டு. எல்லாம் தொடராக இணைந்திருந்ததால் அந்த ஒன்று கருகியதும் முழு விளக்கும் அணைந்துபோயிருக்கிறது.

பத்துச் சதுரங்கள் செய்ய வேண்டிய வேலையை ஐந்தைக்கொண்டு செய்விப்பதே இந்த மலிவின் இரகசியம். மஞ்சள் பூச்சின் கீழுள்ள நீலச் சில்லில் இலத்திரன்களும் துளைகளும் சில நனோமீற்றர் தடிப்புள்ள அடுக்குகளில் சந்திக்கின்றன. அங்கே காவிகளின் அடர்த்தி இரட்டித்தால் ஒளி தரும் இணைவு ஏறத்தாழ 4 மடங்காகும். ஆனால், இணையும் சோடி தன் சக்தியை மூன்றாவது காவியிடம் கொடுத்துவிடும் ஓஜே மீளிணைவு 8 மடங்காகும். கூட்டம் கூடக்கூட ஒளியின் பங்கு குறைந்து வெப்பத்தின் பங்கு ஏறுகிறது. எல்.ஈ.டி.களின் இந்தத் திறன்வீழ்ச்சியோடு சேர்ந்து ஓஜே இலத்திரன்கள் வெளிப்படுவதை 2013 இல் சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரான்சின் எக்கோல் பொலிடெக்னிக் ஆய்வாளர்களும் நேரடியாக அளந்தார்கள். அந்த வெப்பத்தை வெளியேற்றக் கனமான உலோக உடல் வேண்டும். அதற்குத்தான் முதலாளி காசு செலவழிப்பதில்லை. கையில் எடுத்தால் பஞ்சாக இருக்கும் ‘50 வோட்’ விளக்கை அப்படியே மேசையில் திருப்பி வையுங்கள். அதே செலவில் குறைந்த வோட் உள்ள இரண்டு நல்ல மின்குமிழ்களை, லூமன் எண் அச்சிட்டதாகப் பார்த்து, எழுத்தில் உத்தரவாதத்தோடு வாங்குங்கள்.

கேள்வி: கூரையிலுள்ள சிலிக்கன் சூரியத் தகடுகளில் பூசினால் ‘எக்சைட்டன்களைப் பிரித்து’ மின்சாரத்தைக் கூட்டும் நனோத் திரவம் என்று ஒரு முகவர் கொண்டுவந்தார். வாங்கலாமா? - சுன்னாகம்

பதில்: வேண்டாம். சிலிக்கனில் எக்சைட்டனைப் பிணைத்திருக்கும் சக்தி ஏறத்தாழ 15 மில்லி இலத்திரன்வோல்ற்றுத்தான். அறை வெப்பநிலையின் வெப்பச் சக்தியே 25 அளவில் இருப்பதால் சோடி தானாகவே பிரிந்துவிடும், திரவத்துக்கு அங்கே வேலையில்லை. அந்தக் காசுக்குத் தகட்டில் படிந்த செம்மண் புழுதியைக் கழுவ ஆள் பிடியுங்கள்.