மகனுக்கு முதல் தூண்டில்: 2,000 ரூபாயை எதில் போடுவது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் தூண்டில் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஊர்க் குளமும் கொள்ளிடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கம்பு, ரீல், கலர் கலரான ரப்பர் மீன்கள் எல்லாம் சேர்ந்த செட் ஒன்று இணையத்தில் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டியில் பாதிப் பொருள்கள் வாங்குகிறவரைப் பிடிக்கச் செய்தவை. உங்கள் குளத்தில் பையனுக்கு முதலில் சிக்கப்போவது ஜிலேபிக் கெண்டையும் கெளுத்தியும்தான். அவற்றுக்கு மண்புழுவோ பிசைந்த மைதா உருண்டையோ போதும்.

முதல் ஒரு மாதம் ரீலே இல்லாமல் தொடங்கட்டும். பத்தடி மூங்கில் கம்பு, ஏறக்குறைய அதே நீளத்துக்கு நரம்பு (தூண்டில் நூல்), ஒரு தக்கை, சிறு ஈயக்குண்டு, முள். செலவு சில நூறு ரூபாயைத் தாண்டாது. தக்கை நடுங்கும்போது பொறுத்திருந்து, அது முங்கும்போது சுண்டும் பக்குவம் இந்தக் கம்பில்தான் கைக்கு வரும். முள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எண் கூடக் கூட முள் சிறுக்கும். ஜிலேபியின் வாய் சிறியது; 10ஆம் எண் முள் கேளுங்கள். பெரிய முள்ளில் இரையைக் கடித்துத் தின்றுவிட்டு மீன் போய்விடும், பையன் வெறுங்கம்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள். விரலில் ஏறினாலும் எளிதில் வெளியே வரும்.

ஆசை ஒரு மாதத்துக்குப் பிறகும் குறையாவிட்டால் ரீல் வாங்கலாம். கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் ரீலுக்கே போகட்டும். 2500 அல்லது 3000 என்று அளவு எண் போட்ட ஸ்பின்னிங் ரீல் போதுமானது. பெட்டியில் இத்தனை பேரிங் என்று போட்டிருப்பதை நான் பார்ப்பதே இல்லை. கடையிலேயே நரம்பைக் கட்டச் சொல்லி, நரம்பின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ரீலின் முன்பக்கத் திருகைப் பாதி தளர்த்தி, நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். வழுவழுவென்று ஒரே சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வெட்டி வெட்டி வந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுவது அந்த வெட்டில்தான்.

கம்பு ஆறரை அடியில் ஃபைபர் கிளாஸாக இருக்கட்டும். கார்பன் கம்பு எடை குறைவுதான், ஆனால் கல்லில் மோதினால் விரிசல் விடும். அதில் மின்சாரமும் பாயும். மின்கம்பி போகும் இடத்தில் அதை உயர்த்துவது உயிருக்கே ஆபத்து. மடக்கிப் பைக்குள் வைக்கும் கம்பின் மீது பையனுக்குக் கண் இருக்கும். கொள்ளிடத்து மணல் அதன் இணைப்புகளில் புகுந்தால் நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. இரண்டு துண்டுக் கம்பே நல்லது.

நரம்பு 0.28 மி.மீ. நைலான். ரீலின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவாகச் சுற்றுங்கள். தளும்பச் சுற்றினால் வீசும்போது கொத்தாக அவிழ்ந்து சிக்கலாகும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தடவச் சொல்லுங்கள். உலர்ந்த நைலான் உரசிச் சூடாகி, முடிச்சிலேயே பலமிழக்கும்.

குளத்தின் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் போயிருந்தால், எடுத்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கொள்ளிடத்துக்கு மட்டும் அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு மேலே தெரியாது.